ராகு காலத்தில் ஏற்றிய எண்ணெய்

பழங்காநத்தத்தில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன மாதம் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய இடத்தில் அடிக்கடி தலை காட்டக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்து டீக்கடையைச் சாக்கு வைத்து வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவேன். அன்றைக்கு ஒரு டர்போ காரில் ஒயரைச் செருகி, லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார் இப்போதைய மெக்கானிக். நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் வண்டிக்குப் பவர் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். ஸ்பேனரே எடுக்கவில்லை. கை கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லை.

"அண்ணே, ஒங்க காலத்துல இதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"பதினேழு நாள்" என்றேன்.

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பதினேழு என்பது முழு உண்மை இல்லை. என்னுடைய புத்தியால் அது இருபதாக நீண்டது. அந்த மூன்று நாள் கதையைச் சொன்னதும், எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரன். அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டவர். சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் சாயம், தறி, ஜவுளி என்றே இருந்தார்கள். நான் மட்டும் தப்பிப்போய் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என் விரலைப் பிடித்துப் பார்த்து, இது எந்தச் சாயம் என்று கிண்டல் செய்வார்கள். லாரி செட்டில் நாலு வருஷம், டீசல் பம்ப்பைச் சரிபார்க்கிற பம்ப் ரூமில் மூணு வருஷம், பிறகு தவமணி அண்ணன் ஒர்க்‌ஷாப். படிப்பு, பயிற்சி பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரையும்போல அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

தவமணி அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடுதான் ஒர்க்‌ஷாப்புக்குள் நடப்பார். ஒரு சொட்டுக் கறை படாது. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் முப்பத்தைந்து வயதில் புதுச் சட்டை போட்டு வாசலில் நின்றாலே கிரீஸ் என்னைத் தேடி வரும். கத்தமாட்டார், திட்டமாட்டார். சந்தோஷமாக இருந்தால் என்னை 'மாப்ள' என்பார். சாதாரணமாக இருந்தால் 'சுப்பு'. கோபம் வந்தால் 'சார்'. "சார், இங்க கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டால், எவனாக இருந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓடுவான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரண்டு வருஷம் கழித்து, மே மாத நடுவில், வாடிப்பட்டிக்காரர் செல்லப்பாண்டி எங்களிடம் வந்தார். ஒன்பது பேர் உட்காரும் டீசல் கார், டர்போ வைத்தது, மூன்றாவது கை மாறி வந்த வண்டி. அதில் தினமும் பள்ளிக்கூட டீச்சர்களை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போய் வருவார். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவில் வண்டிக்கு மூச்சு வாங்கும். எட்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதிக்கும்.

"அப்புறம்?" என்று தவமணி அண்ணன் கேட்டார்.

"அப்புறம் என்னண்ணே, டீச்சருக எல்லாம் இறங்கி நடப்பாக. நான் காலி வண்டிய முன்னாடி ஓட்டிட்டுப் போவேன். பாக்குறவுகளுக்குச் சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். பின்னாடி வர்றவுக என்னைய வையிறது மட்டும்தான் வித்தியாசம்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டாராம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை, ஒன்பதேகால் மணியடிக்கும்போது டீச்சர்கள் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்வார்கள். செல்லப்பாண்டிக்கு அந்த ஓட்டம் ஒன்றுதான் நிலையான பிழைப்பு. இரண்டு பெண்பிள்ளைகள், ஒருத்தி பிளஸ் டூ.

"பவரை ஏத்திக் குடுங்கண்ணே. எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

தவமணி அண்ணன் பானெட்டுக்குள் பார்த்தபடியே சொன்னார்: "இதுக்கு முன்னாடியும் யார்கிட்டயோ இதத்தான் கேட்டிருக்க. அவரும் பம்புல ஸ்க்ரூவத் திருகி டீசலக் கூட்டி விட்டிருக்காரு. அதான் கரும்புகை, அதான் சூடு. நான் பத்துப் பங்குல ஒரு பங்கு கூடக் குடுப்பேன். அது வருஷக்கணக்கா நிக்கும். அதுக்கு மேல வேணும்னா வேற கடை பாத்துக்கப்பா."

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வண்டி உள்ளே வந்தது.

எப்படி வேலை செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், லேப்டாப் தம்பிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இஞ்சினை இறக்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழற்றிய வரிசையில் வைப்போம். வால்வுகளுக்கு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து சேலை மடிக்கிற அட்டையைக் கொண்டுவருவேன். அதில் எட்டு ஓட்டை போட்டு, எட்டு வால்வையும் குத்தி நிறுத்தி, கீழே நம்பர் எழுதுவேன். மயில் கழுத்து நிறச் சேலை வந்த அட்டையில் கரி பிடித்த வால்வுகள் நிற்பதைப் பார்த்தால் அப்பா என்ன சொல்லியிருப்பாரோ என்று தோன்றும்.

சிலிண்டர் தேய்மானத்தை அளப்பது காலை ஆறு மணிக்குத்தான். இது தவமணி அண்ணனின் சட்டம். மதுரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மணிக்கு அளந்தால் இரும்பும் விரிந்திருக்கும், அளக்கிற கருவியும் விரிந்திருக்கும், அளக்கிறவனுக்குப் பொறுமை சுருங்கியிருக்கும். அதனால் முந்தின நாளே பிளாக்கையும் கருவியையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் போவோம். விடிந்ததும் வந்து அளப்போம். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு. மூன்றாவது சிலிண்டர் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. நாலு சிலிண்டரையும் போர் அடித்து, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட முடிவு செய்தோம்.

புதுப் பிஸ்டன் நாலும் ஒரே எடை இருக்க வேண்டும். எங்களிடம் அவ்வளவு நுட்பமான தராசு இல்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் எனக்குத் தெரிந்த வெள்ளிப் பாத்திரக் கடை ஒன்று உண்டு. நாலு பிஸ்டனையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவேன். கடைக்காரர் ஒவ்வொன்றையும் குத்துவிளக்கைப் போல மரியாதையாக எடுத்துத் தட்டில் வைப்பார். "இதுக்குச் செய்கூலி, சேதாரம் எல்லாம் எப்படி?" என்று எப்போதும் கேட்பார். கனமான பிஸ்டனின் உள்பக்கத்தில் அரத்தால் துளித்துளியாகச் சுரண்டி, நாலையும் சமமாக்கிக்கொண்டு திரும்புவேன். அந்தக் கடையில் வெள்ளி வாங்காமலே இருபது வருஷம் காப்பி குடித்திருக்கிறேன்.

அடுத்தது டர்போ. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்று வரைக்கும் போகிற தண்டு அது. அதைத் தாங்குவது விரல் மோதிரம் அளவுக்கு இரண்டு புஷ், அதைச் சுற்றி மயிரிழை கனத்துக்கு எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் தண்டு புஷ்ஷைத் தின்றுவிடும். பழைய புஷ்ஷைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினேன். காற்றழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற கம்பியை இரண்டே மரை சுருக்கினேன். மூன்றாவது மரைக்கு என் கை போனபோது, பின்னாலிருந்து, "போதும் சுப்பு" என்று குரல் வந்தது. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

பழைய இரும்புக் கடையில் வேறொரு வண்டியின் இன்டர்கூலரைப் பிடித்து, மண்ணெண்ணெயிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறவைத்துக் கழுவி, ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிட்டேன். டர்போ அழுத்தின காற்று சூடாக இருக்கும். அதை ஆறவைத்து உள்ளே அனுப்பினால், அதே இஞ்சின் கஷ்டப்படாமல் கூடுதலாக இழுக்கும். பம்ப் ரூமில் டீசல் அளவைச் சரிபார்த்து, காற்று ஏறிய அளவுக்கு மட்டும் கூட்டினோம். பதினேழாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி தயாராக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இஞ்சின் வேலை முடிந்தால் முதல் ஸ்டார்ட் வண்டிக்காரர் கையால்தான். நல்ல நேரம் பார்ப்பார்கள். எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம். ஸ்டார்ட் ஆனதும் சூடம் எரிகிற நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மூன்று தடவை மிதித்து வண்டியை உறுமவிடுவார்கள். அது சாமிக்குப் போடுகிற கும்பிடு. மூன்று தடவை உறுமாத வண்டி வீடு வந்து சேராது என்பது செல்லப்பாண்டி வீட்டம்மா முத்துலட்சுமியின் திடமான நம்பிக்கை.

அன்றைக்கு ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். தவமணி அண்ணன் உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். "நீ இருக்கேல்ல, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். செல்லப்பாண்டி குடும்பம் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் புதுப் பாவாடை. முத்துலட்சுமி கையில் ஆரத்தித் தட்டு. எனக்கு அன்றைக்கென்று பார்த்து டர்போவுக்கு எண்ணெய் போகிற குழாயின் செம்பு வாஷர் ஒன்று விழுந்து எங்கேயோ உருண்டுவிட்டது. கடைக்கு ஆளனுப்பி, வாங்கி வந்து மாட்டி நிமிரும்போது மணி பத்து இருபது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. புதிதாகக் கட்டிய இஞ்சினை அப்படியே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டீசலை அடைத்துவிட்டு, டர்போவின் எண்ணெய்க் குழாயை லேசாகத் தளர்த்தி வைத்து, செல்ஃப் மோட்டாரில் இஞ்சினைப் பத்துப் பத்து வினாடியாகச் சுற்றவிட வேண்டும். நடுவே பேட்டரிக்கு ஓய்வு. எண்ணெய் மேலே ஏறி வந்து அந்தத் தளர்ந்த இடத்தில் சொட்டுகிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறுக்கி, துடைத்து, டீசலைத் திறக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் இருபது நிமிஷம்.

"சுப்பண்ணே, பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றார் செல்லப்பாண்டி.

"அண்ணே, ராகு காலம் வந்துட்டா ஒண்ணரை மணி நேரம் கிடக்கணும்ணே" என்றார் முத்துலட்சுமி. தட்டில் சூடம் தயாராக இருந்தது.

புஷ்களில் நான் இரண்டு நாளுக்கு முன்னால் எண்ணெய் தடவியிருந்தேன். அது போதும், வினாடிக் கணக்கில் எண்ணெய் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழு நாள் பார்த்துப் பார்த்துச் செய்த என் புத்தி அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்றோ! "ஏறுங்க" என்றேன்.

வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். டேஷ்போர்டில் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சூடம் ஏற்றப்பட்டது. செல்லப்பாண்டி மிதித்தார். ஐந்து, ஆறு. இரண்டாவது உறுமல். "இருங்க, இருங்க" என்று கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது உறுமல். பதினொன்றில் விளக்கு அணைந்தது. மணி பத்து இருபத்தெட்டு. முத்துலட்சுமி என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்.

வண்டி அருமையாக ஓடியது. வாசலைத் தாண்டிப் போகும்போது ஒரு பொட்டுப் புகை இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நான், கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வராத பதினொரு வினாடியில் மூன்று உறுமல். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆனால் சிறுமலை ஏற்றத்தில், ஒன்பது பேரோடு, திங்கட்கிழமை அந்தத் தண்டு ஒட்டிக்கொண்டால் செல்லப்பாண்டியின் பிழைப்பு அங்கேயே முடிந்துவிடும். பழி வண்டிமேல் விழும், இல்லாவிட்டால் அவர்மேல். என்மேல் விழாது. அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

ஒரு மணிக்குத் தவமணி அண்ணன் காதுகுத்து வெற்றிலையோடு வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"சார், மத்தியானம் சாப்டீங்களா?"

"இல்லண்ணே."

"வாடிப்பட்டியில சாப்பிட்டுக்கலாம். போயி நீங்களே அவர்கிட்டச் சொல்லி வண்டியக் கொண்டாங்க, சார்."

மூன்று முறை 'சார்' வரவில்லை, இரண்டோடு நின்றது என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. பஸ் பிடித்தேன்.

செல்லப்பாண்டி வீட்டில் வடை பாயசத்தோடு விருந்து. வெள்ளிக்கிழமை என்பதால் கறி இல்லை. என்னைப் பார்த்ததும் ஆரவாரம். "இஞ்சின் கட்டுன எங்க அண்ணன் வந்துட்டாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி, இலை போட்டு உட்காரவைத்தார். சொல்ல வாயைத் திறந்தேன், வடை விழுந்தது. மறுபடி திறந்தேன், பாயசம். இதற்கிடையே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து வண்டியைப் புகழ, செல்லப்பாண்டி வெளியே போய் அவருக்காக இன்னொரு தடவை உறுமவிட்டுக் காட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. இலையை விட்டு எழுந்து போய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.

"என்னண்ணே?"

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், செல்லப்பாண்டி."

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிய விருப்பமில்லை. "நல்லாத்தானே ஓடுது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நான் இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, காற்றுக் குழாயைக் கழற்றி, செல்லப்பாண்டியின் இரண்டு விரலை எடுத்துத் தண்டின் நுனியில் வைத்தேன். "மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஆடக் கூடாது." அவர் ஆட்டினார். ஆடியது. மெல்ல ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் சக்கரம் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. விரலை எடுக்காமலே நின்றார்.

"திங்கக்கிழமை..." என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆள், வாழை இலைப் பாயசம் உதட்டில் ஒட்டியிருக்க, நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்தேன். முத்துலட்சுமிதான் முதலில் தெளிந்தார். "அவரை என்ன சொல்றது? பறந்தது நாமதானே. நான் தட்டைத் தூக்கிட்டு அவர் மூஞ்சிக்கு நேரா நின்னேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூசை போட்ட அன்னைக்கே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்புதுன்னு ஊருக்குத் தெரிய வேணாம். குலசாமி கோயிலுக்குப் போறோம்னு சொல்லிருவோம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டேதான் நின்றார். ஆனாலும் வெளியே போய் அதையே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனுஷன் நல்லவர்தான்.

மெதுவாக ஓட்டிக்கொண்டு பழங்காநத்தம் வந்தோம். சனிக்கிழமை டர்போவை இறக்கினேன். நட்டு, சக்கரம், தண்டு மூன்றிலும் ஒரே கோட்டில் குறி வைத்துவிட்டுப் பிரித்தேன். மாட்டும்போது அந்தக் கோடு சேராவிட்டால் சமநிலை கெட்டுவிடும். இரண்டு புஷ்ஷிலும் நகக்கீறல் போலக் கோடுகள். தண்டில் ஒரு இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் வெட்டு விழவில்லை. அளந்து பார்த்து, தப்பித்தது என்று தெரிந்தபோது அந்தத் தண்டை முத்தமிடலாம்போல இருந்தது. புஷ் மட்டும் மாற்ற வேண்டும். மதுரையில் எந்தக் கடையிலும் அந்த அளவு இல்லை. கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றாலும், விடியற்காலை முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பஸ் நம்பரையும் போனில் சொன்னார். ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து நானும் செல்லப்பாண்டியும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றோம். பதினொன்றரைக்கு வந்தது. தீப்பெட்டி அளவு பொட்டலம்.

மாட்டி முடித்து நிமிர்ந்தேன். தவமணி அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செல்லப்பாண்டியும் பார்த்தார். நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்.

தவமணி அண்ணன் அதில் எங்கள் எல்லாரையும்விடக் கெடுபிடியான ஆள். ராகு காலத்தில் டீக்கடைக்குக்கூடப் புதிதாகக் கணக்கு வைக்கமாட்டார். எனக்கோ ராகு காலம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பதினொரு வினாடிதான் ஞாபகம் வந்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இஞ்சின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"டீசலை அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சுண்ணே."

"அப்ப இது ஸ்டார்ட் இல்ல. எண்ணெய் ஏத்துறது. இதுக்கு ராகு காலமாவது, எமகண்டமாவது! சுத்துப்பா."

அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நாங்கள் எண்ணெய் ஏற்றவே செலவழித்தோம். பத்து வினாடி சுற்றுவது, பேட்டரிக்கு ஓய்வு, மறுபடி பத்து வினாடி. நாலாவது சுற்றிலேயே குழாயின் தளர்ந்த வாயில் எண்ணெய் சொட்டியது. தவமணி அண்ணன் போதும் என்று சொல்லவில்லை. குழாயை இறுக்கி, துடைத்து, ஒவ்வொரு நட்டையும் மறுபடி தொட்டுப் பார்க்கவைத்தார். அவசரப்படுத்த ஆள் இல்லை. அவசரப்படுத்தினாலும் ஆறுவரை யாரும் சாவியைத் திருப்பமாட்டார்கள். ஆறடித்து ஐந்து நிமிஷத்தில் செல்லப்பாண்டி ஸ்டார்ட் செய்தார். சிவப்பு விளக்கு இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. சூடம் ஏற்றும்போது, அதற்காகவே வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த முத்துலட்சுமி, "மிதிக்காதீக, சும்மா ஓடட்டும்" என்றார். உறுமலுக்குப் பதிலாக அவரே மூன்று தடவை கைகூப்பினார். அதற்குப் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எந்த டர்போ இஞ்சினுக்கும் நாள் குறிக்கும்போது, முதல் ஸ்டார்ட்டுக்கு முந்தின ராகு காலத்தை எண்ணெய் ஏற்ற ஒதுக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நானும் கூடப் போனேன். தவமணி அண்ணன்தான் அனுப்பினார். டர்போவின் காற்றழுத்தத்தைப் பார்க்க, பெயிண்ட் கம்ப்ரெஸரிலிருந்து கழற்றிய ஒரு அழுத்த மீட்டரை ரப்பர் குழாயில் இணைத்து மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். பின்னால் ஆறு டீச்சர்கள். ஒன்பதாவது ஆளாக, எங்களுக்கு நடுவில், தலைமை ஆசிரியை. மடியில் கைப்பை, கையில் கடிகாரம், கண் அதன்மேலேயே.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மீட்டர் முள் நான் நினைத்த இடத்தில் நின்றது. செல்லப்பாண்டி சூட்டு முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஐந்தாவது வளைவு தாண்டியதும் பின்னால் ஒரே சலசலப்பு. திரும்பிப் பார்த்தால், டீச்சர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பழக்கம்! ஆறாவது வளைவில் ஒரு டீச்சர் கதவின் கைப்பிடியில் கையே வைத்துவிட்டார்.

"இறங்க வேணாம் டீச்சர், உக்காருங்க" என்றேன்.

"நெசமாவா?" என்று அவர் கேட்டார்.

வண்டி இரண்டாவது கியரிலேயே ஆறைத் தாண்டியது, ஏழைத் தாண்டியது. எட்டாவது வளைவில் சூட்டு முள் பாதிக்கு மேல் போகவில்லை. பதினொன்றில் பின்னால் யாரோ பேச்சை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பதினைந்திலிருந்து எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினெட்டு என்று சத்தம் போட்டபோது ஒரு குரங்கு மதில் மேலிருந்து பயந்து ஓடியது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருந்தது. மணி எட்டே முக்கால். இத்தனை வருஷத்தில் டீச்சர்கள் அந்த நேரத்துக்கு வந்ததே கிடையாது என்பதால் காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆறு டீச்சர்களும் கேட் முன்னால் நின்று, எதற்காக இவ்வளவு சீக்கிரம் வந்தோம் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைமை ஆசிரியை மட்டும் வண்டிப் பக்கம் திரும்பி வந்தார். செல்லப்பாண்டி இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏற்றம் ஏறி வந்ததும் டர்போ ஆற இரண்டு நிமிஷம் ஓடவிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கண் முன் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தார்.

தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ சாதாரண விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னார்:

"இம்புட்டு சீக்கிரம் வந்து வெளியில நிக்க முடியாதுப்பா. நாளையிலருந்து கால் மணி நேரம் கழிச்சே வா."

'நாளையிலிருந்து' என்ற சொல்லில் செல்லப்பாண்டி உடைந்துவிட்டார். ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"வந்துருவாரு, டீச்சர்" என்றேன்.